டிராக்டர் இழுவைப்பெட்டி

டிராக்டர் இழுவைப்பெட்டி என்பது டிராக்டரின் பின்புறம் கொக்கியால் இணைக்கப்பட்டு இழுத்துச் செல்லப்படும், தனக்கென இயந்திரம் இல்லாத சுமை வண்டி ஆகும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையில் நெல், வைக்கோல், கரும்பு, தொழு உரம், நாற்றுக்கட்டு, செங்கல் ஆகியவற்றை வயலில் இருந்தும் களத்தில் இருந்தும் சாலைக்குக் கொண்டு சேர்க்கும் முதன்மையான ஊர்தி இதுவே. வட அமெரிக்காவில் பெரிய பிக்கப் வண்டிகள் ஆற்றும் இழுவைப் பணியை இப்பகுதியில் 35 முதல் 50 குதிரைத்திறன் கொண்ட டிராக்டர்கள் ஆற்றுகின்றன.

டிராக்டர் இழுப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட இயந்திரம். ஆகவே பல டன் சுமையை அது எளிதில் நகர்த்திவிடும். ஆனால் நகர்த்திய சுமையை நிறுத்துவதற்கு வேறு வகையான திறன் தேவை. பெட்டிச் சக்கரங்களில் பிரேக் இல்லாதபோது அந்தப் பொறுப்பு முழுவதும் டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்கள் மீது விழுகிறது. இழுவைப்பெட்டி தொடர்பான விபத்துகள் பலவற்றை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு அடிப்படையானது.

## பெயர்கள்

டிராக்டர் என்னும் சொல் "இழு" எனப் பொருள்படும் இலத்தீன் வினைச்சொல்லில் இருந்து பிறந்தது. தமிழில் இது உழவு இயந்திரம், உழுவை இயந்திரம், இழுவை இயந்திரம் எனப் பலவாறு வழங்கப்படுகிறது. இலங்கைத் தமிழில் உழவு இயந்திரம் என்பதே பெருவழக்கு. தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் டிராக்டர் என்பதே நிலைபெற்றுள்ளது.

இழுவைப்பெட்டியைத் தஞ்சைப் பகுதியில் டிரெய்லர் அல்லது பெட்டி என்பர். நீரழுத்த உருளையின் உதவியால் பின்புறமாகச் சாய்த்துக் கொட்டக்கூடிய பெட்டி டிப்பர் எனப்படுகிறது. வட இந்தியாவில் இதற்கு டிராலி என்று பெயர்.

## வரலாறு

### மாட்டு வண்டிக் காலம்

டிராக்டர் பரவுவதற்கு முன் காவிரிப் படுகையில் நெல் மூட்டைகள் பார வண்டி எனப்படும் இரட்டை மாட்டு வண்டிகளில் சென்றன. இழுவைப்பெட்டியை இயக்குவோர் இன்றும் பயன்படுத்தும் பல சொற்கள் மாட்டு வண்டிக்கு உரியவை. அச்சு, ஏர்க்கால், கடையாணி, முன்பாரம், பின்பாரம், நடை ஆகியவை அவற்றுள் சில. ஒருமுறை சுமையேற்றிச் சென்று இறக்கித் திரும்புவது ஒரு நடை ஆகும். அச்சு தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது என்னும் அறிவும் மிகப் பழமையானது. மெல்லிய மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்ற கருத்தைத் திருக்குறளின் 475ஆவது குறள் உவமையாகக் கையாள்கிறது.

### இருபோகமும் டிராக்டரும்

1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் காவிரிப் படுகையின் பாசனம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. வழக்கமாக சூன் 12ஆம் நாள் அணை திறக்கப்படும். நீர்வரத்தைப் பொறுத்து இந்நாள் மாறுவதும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தின் கீழ் நாட்டிலேயே முதலில் தெரிவு செய்யப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து ஏடிடீ 27 என்னும் குறுகிய கால நெல் வகை வெளிவந்தது.

குறுகிய கால நெல் வகைகளால் ஒரே வயலில் குறுவை, தாளடி என இருபோகம் செய்வது பரவலாயிற்று. ஆனால் குறுவையை அறுத்து, நெல்லையும் வைக்கோலையும் அகற்றி, மீண்டும் உழுது, தாளடி நடுவதற்கு இடையே கிடைத்த காலம் சில வாரங்களே. அதே வாரங்களில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடும். உழவும் சுமை அகற்றலும் ஒருசேர விரைவாக நடக்கவேண்டிய இந்த நெருக்கடியே மாட்டு வண்டியின் இடத்தை டிராக்டர் பிடிப்பதற்கு முக்கியக் காரணம் ஆகும்.

இந்தியாவில் டிராக்டர் உற்பத்தி இதே காலத்தில் தொடங்கியது. 1959இல் ஐச்சர் நிறுவனம் பரீதாபாத்தில் டிராக்டர் உற்பத்தியைத் தொடங்கியது. 1960இல் சென்னையில் மாசி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவுடன் டாஃபே நிறுவப்பட்டது. பெர்குசன் டிராக்டர்களின் சிறப்பு, ஆரி பெர்குசன் உருவாக்கிய மும்முனை இணைப்பும் நீரழுத்தத் தூக்கியும் ஆகும். பின்னால் இணைக்கப்படும் கருவியின் எடையையும் இழுவையையும் பின்சக்கரங்களுக்கு மாற்றுவதன் மூலம், எடை குறைந்த டிராக்டராலும் நன்றாக இழுக்க முடியும் என்பதே அவர் கண்ட வழி. சேறு நிறைந்த நெல் வயல்களுக்கு எடை குறைந்த டிராக்டர் பொருத்தமாக அமைந்தது.

## அமைப்பு

இழுவைப்பெட்டியின் முக்கிய உறுப்புகள் பின்வருவன.

* அடிச்சட்டம்: இரும்பு வாய்க்கால் சட்டங்களைப் பற்றவைத்துச் செய்யப்படுவது. பெட்டியின் முழு எடையையும் தாங்குகிறது.
* இழுசட்டம்: அடிச்சட்டத்தில் இருந்து முன்னோக்கி நீண்டு டிராக்டருடன் இணைவது. மாட்டு வண்டியின் ஏர்க்காலுக்கு நிகரானது. இதன் முனையில் வளையம் இருக்கும்.
* கொக்கியும் ஆணியும்: டிராக்டரின் பின்புறத்தில் உள்ள கொக்கியில் வளையத்தைப் பொருத்தி ஆணி செருகப்படுகிறது. ஆணி துள்ளி வெளியேறாமல் இருக்க அதன் அடியில் பூட்டு ஊசி வேண்டும்.
* அச்சும் சக்கரங்களும்: உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யப்படும் பெட்டிகளில் பழைய சரக்குந்துகளின் அச்சுகளும் சக்கரங்களும் பயன்படுவதுண்டு.
* பெட்டி உடல்: இரும்புத் தகட்டால் ஆனது. பின்கதவும் பக்கக் கதவுகளும் கீழ்நோக்கித் திறக்கும்.
* சாய்க்கும் உருளை: டிப்பர் வகையில் மட்டும் உண்டு. டிராக்டரின் நீரழுத்த எண்ணெய் குழாய் வழியே சென்று உருளையை நீட்டிப் பெட்டியை உயர்த்துகிறது.

### வகைகள்

இருசக்கரப் பெட்டியில் ஒரே அச்சு உள்ளது. சுமையின் ஒரு பகுதி இழுசட்டம் வழியாக டிராக்டரின் மீது இறங்குகிறது. பின்னோக்கி ஓட்டுவதும் குறுகிய வரப்புப் பாதைகளில் திருப்புவதும் இதில் ஓரளவு எளிது. டிப்பர்கள் பெரும்பாலும் இவ்வகையின.

நான்குசக்கரப் பெட்டியில் முன்னும் பின்னும் அச்சுகள் உள்ளன. முன் அச்சு சுழல்மேடையுடன் திரும்பும். சுமை முழுவதையும் பெட்டியே தாங்குவதால் டிராக்டரின் மீது எடை இறங்குவதில்லை. நெடுந்தொலைவுச் சாலைப் பயணத்திற்கும் கரும்பு போன்ற பெருஞ்சுமைக்கும் இது ஏற்றது. எனினும் இரண்டு இடங்களில் மடங்குவதால் இதைப் பின்னோக்கி ஓட்டுவது கடினம்.

## இழுத்தல்

### குதிரைத்திறனும் பற்றும்

ஒரு டிராக்டர் எவ்வளவு இழுக்கும் என்பதை எஞ்சினின் குதிரைத்திறன் மட்டும் தீர்மானிப்பதில்லை. பின்சக்கரங்களுக்கும் தரைக்கும் இடையிலான பற்றே பெரும்பாலும் எல்லை வகுக்கிறது. இக்காரணத்தால்தான் டிராக்டர் சோதனைகளில் எஞ்சின் திறனோடு கொக்கியில் கிடைக்கும் இழுதிறனும் தனியே அளக்கப்படுகிறது. அமெரிக்காவின் நெப்ராசுக்கா மாநிலம் 1919இல் டிராக்டர் சோதனைக்கெனச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் இச்சோதனைகள் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள நடுவண் அரசு நிலையத்தில் நடைபெறுகின்றன.

எடுத்துக்காட்டாக, 2,000 கிலோ எடையுள்ள ஒரு டிராக்டர், சுமையுடன் 5,000 கிலோ எடையுள்ள இருசக்கரப் பெட்டியை இழுப்பதாகக் கொள்வோம். பெட்டியின் எடை 1,400 கிலோ எனில் சுமை 3,600 கிலோ, அதாவது 40 கிலோ கொண்ட 90 நெல் மூட்டைகள். தார்ச்சாலையில் உருளும் தடை, எடையில் நூற்றில் 2 பங்கு என்று கொண்டால் மொத்தம் 7,000 கிலோவை நகர்த்த 140 கிலோ விசை போதும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இதற்குத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ 13 குதிரைத்திறன் மட்டுமே. 40 குதிரைத்திறன் டிராக்டருக்கு இது ஒரு பொருட்டன்று.

அதே பெட்டி ஈர வயலில் நிற்கும்போது நிலை மாறுகிறது. உருளும் தடை நூற்றில் 15 பங்காக உயர்ந்தால் பெட்டியை மட்டும் இழுக்க ஏறத்தாழ 700 கிலோ விசை வேண்டும். பின்சக்கரங்களின் மீது 1,800 கிலோ எடை இருந்து, சேற்றில் பற்று நூற்றில் 30 பங்காகக் குறைந்தால், கிடைக்கும் விசை 540 கிலோ மட்டுமே. எஞ்சினுக்கு வலிமை இருந்தும் சக்கரம் வழுக்கிச் சுழலும். படுகையில் பெட்டியை வயலுக்குள் இறக்காமல் வரப்போரத்தில் நிறுத்தி, அறுவடை இயந்திரம் அங்கு வந்து நெல்லைக் கொட்டுவதற்கு இதுவே காரணம்.

### முன்பாரமும் பின்பாரமும்

இருசக்கரப் பெட்டியில் சுமையின் நடுப்புள்ளி அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இழுசட்டத்தின் மீது இறங்கினால் டிராக்டரின் பின்சக்கரங்கள் நன்றாகப் பற்றும். சுமை பின்னால் அமைந்தால் பின்பாரமாகி இழுசட்டம் கொக்கியை மேல்நோக்கித் தூக்கும். அப்போது பின்சக்கரங்கள் பற்றிழக்கும், பெட்டியும் பக்கவாட்டில் ஆடும். சுமை மிகவும் முன்னால் அமைந்தால் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் திசைமாற்றி பயனற்றுப் போகும். மாட்டின் கழுத்தை நோகவிடாமல் பாரம் வைத்த வண்டிக்காரர்கள் அறிந்திருந்த அதே கணக்கு இது.

### கொக்கியின் உயரம்

பெட்டியைக் கட்டாயமாகத் தாழ்வான இழுகொக்கியிலேயே இணைக்க வேண்டும். பின் அச்சுக்கு மேலான ஓரிடத்தில் சங்கிலி கட்டி இழுத்தால், பின்சக்கரங்களின் முறுக்கு விசையும் மேலிருந்து பின்னோக்கி வரும் இழுவையும் சேர்ந்து டிராக்டரின் முன்பகுதியைத் தூக்கும். சேற்றில் புதைந்த பெட்டியை இழுக்க முயலும்போது டிராக்டர் ஓரிரு நொடிகளில் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் அடியில் சிக்கும் விபத்து இவ்வாறே நிகழ்கிறது. பின்னோக்கி நகர்த்தி வெளியேறுவதோ, சுமையைக் குறைத்துப் பின் இழுப்பதோ பாதுகாப்பானது.

## நிறுத்தல்

வேளாண் டிராக்டர்களில் பொதுவாகப் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. வயலின் மூலையில் குறுகலாகத் திரும்புவதற்காக இடது சக்கரத்திற்கும் வலது சக்கரத்திற்கும் தனித்தனி மிதிகள் அமைக்கப்பட்டுள்ளன. சாலையில் செல்லும்போது இவ்விரு மிதிகளையும் தாழால் ஒன்றிணைக்க வேண்டும். இணைக்காமல் விரைவாகச் செல்கையில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் டிராக்டர் அப்பக்கமாகச் சுழன்றுவிடும்.

உள்ளூரில் செய்யப்படும் பெட்டிகளுள் பலவற்றில் பிரேக் இருப்பதில்லை. முற்கூறிய எடுத்துக்காட்டையே கொண்டு, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது பிரேக் பிடித்த பின் நிற்கும் தொலைவைக் கணக்கிட்டால் கிடைக்கும் அளவுகள் கீழே தரப்பட்டுள்ளன. டிராக்டரின் பின்சக்கரங்கள் மீது 1,300 கிலோவும், இருசக்கரப் பெட்டி இணைந்தால் கூடுதலாக 500 கிலோவும் இறங்குவதாகவும், உராய்வு உலர்ந்த சாலையில் 0.6, நனைந்த சாலையில் 0.35 எனவும் கொள்ளப்பட்டுள்ளது.

| ஊர்தி | உலர்ந்த சாலை | நனைந்த சாலை |
|---|---|---|
| டிராக்டர் மட்டும் | 6 மீட்டர் | 11 மீட்டர் |
| பிரேக் இல்லாத இருசக்கரப் பெட்டியுடன் | 16 மீட்டர் | 27 மீட்டர் |
| பிரேக் இல்லாத நான்குசக்கரப் பெட்டியுடன் | 22 மீட்டர் | 38 மீட்டர் |

இவை எளிமைப்படுத்திய கணக்குகள். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு மிதியை அழுத்த ஒரு நொடி ஆகும் எனில் அதற்குள் ஊர்தி மேலும் 7 மீட்டர் சென்றிருக்கும். தேய்ந்த பிரேக், வழுக்கையான சக்கரம், கூடுதல் சுமை ஆகியவை தொலைவை இன்னும் நீட்டும். மாறாக, பெட்டியின் சக்கரங்களிலும் நல்ல பிரேக் இருந்தால் சுமை முழுவதும் பிரேக் உள்ள சக்கரங்களின் மீது அமைவதால், கோட்பாட்டளவில் டிராக்டர் மட்டும் நிற்கும் தொலைவுக்குள்ளேயே இணைந்த ஊர்தியும் நின்றுவிடும்.

நிற்கும் தொலைவு நீள்வது ஒரு சிக்கல் எனில், பெட்டி பின்னாலிருந்து தள்ளுவது மற்றொன்று. டிராக்டர் மெதுவாகும்போது பெட்டி அதே வேகத்தில் வர முயல்கிறது. இரண்டும் நேர்க்கோட்டில் இருந்தால் தள்ளல் மட்டும் நிகழும். வளைவில் இருந்தால் டிராக்டரின் பின்பகுதி பக்கவாட்டில் தள்ளப்பட்டு, இரண்டும் கத்திரி போல மடங்கும்.

காவிரிப் படுகை சமவெளி ஆயினும் சரிவுகள் இல்லாத நிலம் அன்று. ஆற்றங்கரையில் இருந்து வயலுக்கு இறங்கும் பாதைகளும் வாய்க்கால் பாலங்களின் இருபுற ஏற்ற இறக்கங்களும் குறுகியவை, செங்குத்தானவை. பத்துக்கு ஒன்று என்னும் சரிவில் 5,000 கிலோ பெட்டி 500 கிலோ விசையுடன் டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். டீசலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறக்கினால் எஞ்சினின் தடுப்பு முற்றிலும் இல்லாமல் போகும். ஏறுவதற்குத் தேவையான தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பொது விதி.

## காவிரிப் படுகையில் பயன்பாடு

இழுவைப்பெட்டியின் வேலை நெல் பருவங்களை ஒட்டி மாறுகிறது.

கோடையில் தொழு உரமும் குளத்து வண்டலும் வயலுக்குச் செல்கின்றன. சூன், சூலை மாதங்களில் குறுவைக்கான சேற்றுழவு நடைபெறும். அப்போது டிராக்டரில் இருந்து பெட்டி கழற்றப்பட்டு, பின்சக்கரங்களில் கேஜ் வீல் எனப்படும் இரும்புச் சட்டச் சக்கரங்கள் பொருத்தப்படும். இவை தார்ச்சாலையைக் கிழித்துச் சேதப்படுத்துவதால் சாலையில் ஓட்டக்கூடாது என அதிகாரிகள் எச்சரிப்பது வழக்கம். இச்சக்கரங்களைப் பெட்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டு சென்று அங்கே பொருத்துவதே முறையாகும்.

செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுவடையும், சனவரி, பிப்ரவரியில் சம்பா, தாளடி அறுவடையும் நடக்கின்றன. அறுவடை இயந்திரம் கொட்டும் நெல் களத்திற்கோ, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்தும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திற்கோ செல்கிறது. ஏக்கருக்கு 2 டன் விளைந்தால் 40 கிலோ கொண்ட 50 மூட்டைகள். ஏறத்தாழ இரண்டு ஏக்கர் விளைச்சல் ஒரு நடையில் அடங்கும்.

கொள்முதலுக்குரிய ஈரப்பத வரம்பு பொதுவாக 17 விழுக்காடு ஆகும். மழைக்காலத்தில் அறுக்கப்படும் குறுவை நெல் இதைவிட ஈரமாக இருப்பதால் களத்திலும் சாலையோரத்திலும் உலர்த்தவேண்டி வருகிறது. நிலையங்களில் மூட்டைகள் தேங்கும்போது பெட்டியே தார்ப்பாய் போர்த்திய தற்காலிகக் கிடங்காகிறது. 2025 அக்டோபரில் குறுவை நெல் நிலையங்களில் தேங்கி மழையில் நனைந்தது. இத்தகைய நாட்களில் மழைக்கு முன் ஒரு நடை கூடுதலாகச் சென்றுவிட வேண்டும் என்ற அவசரம் உழவருக்கும் ஓட்டுநருக்கும் ஏற்படுகிறது. அளவுக்கு மீறிய சுமையும் வேகமும் இந்த அவசரத்தோடு தொடர்புடையவை.

அறுவடைக்குப் பின் வைக்கோல் ஏற்றப்படுகிறது. இது எடை குறைந்ததாயினும் உயரமும் அகலமும் மிகுந்த சுமை. தாழத் தொங்கும் மின்கம்பியில் உரசித் தீப்பற்றுவது தமிழ்நாட்டில் அடிக்கடி நிகழும் விபத்து ஆகும். கரும்பு பயிராகும் பகுதிகளில் இருந்து குருங்குளம் அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலை போன்ற ஆலைகளுக்குக் கரும்பும் பெட்டிகளில் செல்கிறது.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளுடன் டிராக்டரையும் பெட்டியையும் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சூட்டிப் படைப்பது இப்பகுதியில் வழக்கமாகியுள்ளது.

## உடைமையும் வருவாயும்

2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர். இவ்வளவு நிலத்தை உழுவதற்காக மட்டும் டிராக்டர் வாங்கினால் கடன் தவணையைக் கட்ட இயலாது. எனவே டிராக்டர் வைத்திருப்போர் பிறர் நிலத்தையும் வாடகைக்கு உழுகின்றனர். சேற்றுழவுக் காலம் ஆண்டில் சில வாரங்களே நீடிப்பதால், எஞ்சிய மாதங்களில் டிராக்டரைச் சும்மா நிறுத்தாமல் வைத்திருப்பது இழுவைப்பெட்டியே.

உழவுக்கு மணிக்கணக்கில் வாடகை பெறப்படுகிறது. சுமைக்கு நடைக்கணக்கில் கூலி பெறப்படுகிறது. இந்த வேறுபாடு ஓட்டும் முறையைப் பாதிக்கிறது. மணிக்கணக்கில் விரைவதால் ஓட்டுநருக்குப் பயனில்லை. நடைக்கணக்கிலோ, ஒரு நாளில் எத்தனை நடை என்பதே வருவாய். சுமை ஏற்றுவோருக்கும் நடைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே ஆதாயம் என்பதால் ஒரே நடையில் முடிந்தவரை ஏற்ற விரும்புவர். பிரேக், விளக்கு, பிரதிபலிப்பு ஒட்டி ஆகியவற்றிற்கான செலவு கூலியை உயர்த்துவதில்லை. ஆகவே பெட்டி செய்யச் சொல்லும்போது முதலில் கைவிடப்படுவன இவையே.

சொந்தமாக வாங்க இயலாதோருக்கு வேளாண்மைப் பொறியியல் துறை வாடகை இயந்திரங்களை வழங்குகிறது. 2018இல் தமிழ்நாடு அரசு அறிமுகப்படுத்திய உழவன் செயலி வழியாகவும் இயந்திரங்களைப் பதிவு செய்யலாம். டிராக்டர் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டில் இருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

## சட்டம்

இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிராக்டரைத் தானே சுமை ஏற்றுவதற்காக அமைக்கப்படாத ஊர்தி என வரையறுக்கிறது. மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் வண்டி டிரெய்லர் என்று தனியே வரையறுக்கப்பட்டுள்ளது. எனவே பெட்டிக்குத் தனிப் பதிவு தேவை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி வேளாண் டிராக்டர் போக்குவரத்து ஊர்தி அன்று. ஆனால் இச்சலுகை வேளாண் பொருட்களை ஏற்றும்வரைதான். செங்கல், மணல் முதலியவற்றை வாடகைக்கு ஏற்றினால் வணிகப் பயன்பாட்டுக்கான வரியும் உரிமங்களும் பொருந்தும்.

ஏற்றப்பட்ட எடை நீங்கலாக 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டர் இலகுரக மோட்டார் வாகனம் ஆகும். டிராக்டர் ஓட்டும் உரிமம் பெற்றவர், பெட்டி இணைக்கப்பட்டுவிட்டது என்ற காரணத்தால் மட்டும் உரிமம் இல்லாதவராகிவிடமாட்டார் என 2001இல் நாகசெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இழுவைப்பெட்டி மக்களை ஏற்றிச் செல்வதற்குரியது அன்று. வேளாண் பயன்பாட்டுக்கான காப்பீட்டை வைத்துப் பெட்டியில் பயணித்தவருக்கு இழப்பீடு கோரும்போது அது வழக்காக நீள்வதுண்டு. ஆற்று மணலை உரிமம் இன்றி ஏற்றினால் 1957ஆம் ஆண்டு சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் கீழ் ஊர்தி பறிமுதல் செய்யப்படலாம். கடனில் வாங்கிய டிராக்டர் இவ்வாறு முடங்கும்போது தவணை மட்டும் தொடர்ந்து ஓடும்.

## விபத்துகளும் பாதுகாப்பும்

2022 அக்டோபர் 1ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்று திரும்பியவர்களை ஏற்றி வந்த இழுவைப்பெட்டி குளத்தில் கவிழ்ந்ததில் 25க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். பெட்டியில் அமர்ந்திருப்போரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அது கவிழ்ந்தால் அவர்கள் அதன் அடியிலேயே சிக்குகின்றனர். நடவுக்கும் அறுப்புக்கும் செல்லும் கூலித் தொழிலாளர்கள், திருவிழாவிற்குச் செல்வோர், பள்ளிப் பிள்ளைகள் ஆகியோர் இந்த ஆபத்துக்கு உள்ளாகின்றனர். டிராக்டரின் சக்கர மூடியில் அமர்ந்து செல்வதும் இதற்கு நிகரான ஆபத்து உடையது. அங்கிருந்து விழுபவர் நேராகப் பெட்டியின் சக்கரத்திற்கு முன் விழுகிறார்.

இரவில் சாலையோரம் நிறுத்தப்பட்ட, விளக்கில்லாத பெட்டியின் மீது பின்னால் வரும் இருசக்கர ஊர்திகள் மோதுவது மற்றொரு பொதுவான விபத்து. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையங்களின் முன் பெட்டிகள் வரிசையில் காத்திருப்பதால் இது கூடுதலாகிறது.

இவற்றைத் தவிர்க்கப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் நடைமுறைகள் பின்வருமாறு.

* சாலையில் ஏறும் முன் இரு பிரேக் மிதிகளையும் தாழிட்டு இணைத்தல்.
* இணைப்பு ஆணிக்குப் பூட்டு ஊசி இடுதல், கூடுதலாகப் பாதுகாப்புச் சங்கிலி கட்டுதல்.
* சுமையை அச்சுக்குச் சற்று முன்னால் தாழ்வாகவும் சீராகவும் அடுக்குதல்.
* சரிவில் தாழ்ந்த கியரில் இறங்குதல், நியூட்ரலைத் தவிர்த்தல்.
* பெட்டியின் பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பு ஒட்டிகளும் இயங்கும் விளக்குகளும் பொருத்துதல்.
* டிப்பரைச் சமதரையில் மட்டும் உயர்த்துதல், உயர்த்தும் முன் மேலே மின்கம்பி உள்ளதா எனப் பார்த்தல், தாங்குகட்டை இன்றி உயர்த்திய பெட்டியின் அடியில் செல்லாதிருத்தல்.
* பெட்டியிலும் சக்கர மூடியிலும் ஆட்களை ஏற்றாதிருத்தல்.

## பிற இடங்களில்

வட அமெரிக்காவில் குதிரை, கால்நடை, வைக்கோல், வீட்டு வண்டி ஆகியவற்றை இழுக்க போர்டு எஃப்-350, ராம் 3500 போன்ற பெரும் பிக்கப் வண்டிகள் பயன்படுகின்றன. மிகப் பெரிய பெட்டிகளின் இணைப்பு பின்கொக்கியில் அமையாமல், பின் அச்சுக்கு நேர் மேலே சுமைத்தளத்தில் அமைகிறது. அங்கும் இழுக்கும் திறனே விளம்பரங்களில் முதலிடம் பெறுகிறது. ஆயினும் குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட பெட்டிகளுக்குத் தனிப் பிரேக் பெரும்பாலான மாநிலங்களில் கட்டாயம். பெட்டி கழன்றுவிட்டால் தானே பிரேக் பிடிக்கும் கருவியும் பொருத்தப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாலை ஊர்திகளால் இழுக்கப்படும் பெட்டி 750 கிலோவுக்கு மேல் இருந்தால் அதற்குப் பிரேக் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பிக்கப் என்பது இழுக்கும் ஊர்தி அன்று, சுமை ஏற்றும் ஊர்தியே. 2005இல் அறிமுகமாகிக் குட்டியானை என்னும் பெயர் பெற்ற டாடா ஏஸ் முதலிய சிறு சுமையுந்துகள், தார்ச்சாலை உள்ள இடங்களில் இழுவைப்பெட்டியின் வேலையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டன. வயலோரத்திலும் மண்பாதையிலும் டிராக்டருக்கு இன்னும் மாற்று இல்லை.

இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் நான்கு சக்கர உழவு இயந்திரமும், லாண்ட்மாஸ்டர் எனப்படும் இருசக்கர உழவு இயந்திரமும் பெட்டியுடன் ஊர்ப்புறப் போக்குவரத்தைத் தாங்குகின்றன. 2008-2009 போர்க்காலத்தில் வன்னி மக்கள் வீட்டுப் பொருட்களை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2020-21 உழவர் போராட்டத்தின்போது பஞ்சாப், அரியானா உழவர்கள் தில்லியின் எல்லைகளில் தங்கள் டிராலிகளையே தங்குமிடமாக்கிப் பல மாதங்கள் வாழ்ந்தனர்.

## இவற்றையும் பார்க்க

* மாட்டு வண்டி
* உழவு இயந்திரம்
* குறுவை
* மேட்டூர் அணை
* நேரடி நெல் கொள்முதல் நிலையம்
* உராய்வு